கன்று இழுக்கும் சங்கிலி

கால்நடைக் கல்லூரியின் கண்ணாடிப் பெட்டிக்குள், பசு ஈனும்போது கன்றை வெளியே இழுக்கும் பழைய இரும்புச் சங்கிலியை நேற்று பார்த்தேன். 1940களில், என் சின்ன வயதில், தூத்துக்குடியில் எங்கள் பசு ஈன முடியாமல் கிடந்தபோது, மாட்டு டாக்டர் இதே மாதிரிச் சங்கிலியைத்தான் கன்றின் முன்னங்கால்களில் மாட்டினார். இழுப்பதற்கு அப்பாவோடு தோணியில் போகும் நான்கு பேர் வந்தார்கள்.

"பசு முக்கும்போது மட்டும் இழுங்க" என்றார் டாக்டர்.

"நாங்க இழுக்காத இழுவையா, அய்யா?" என்று ஒருவர் சிரித்தார்.

கரையில் தோணியை ஏற்றிய பழக்கம். ஒருவர் 'ஏலேலோ' சொல்ல, எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தார்கள். பசு முக்குவதற்குக் காத்திருக்கவில்லை.

"ஏலே, நிறுத்துங்கலே! அது என்ன தோணியா?" என்று அம்மா கத்தினாள்.

கன்று பிழைத்தது. பசு மாலையில் செத்தது.

அம்மா யாரையும் ஏசவில்லை. "கூப்பிட்டதும் ஓடி வந்தாவல்லா" என்று மட்டும் சொன்னாள். நான்கு பேருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை வாங்க ஒருவரும் கை நீட்டவில்லை.