மலை அடங்கியிருந்த வாரம்

எங்கள் வீட்டில் காலையில் விசாரிக்கப்படுவது வானிலை அல்ல, ஓர் எரிமலை. நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது என் கணவர் அன்ரன் தேத்தண்ணீருடன் வந்து, "இண்டைக்கு மலை என்னவாம்?" என்று கேட்பார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பற்றிக் கேட்பது போலவே இருக்கும். "கொஞ்சம் புகைஞ்சுகொண்டுதான் நிக்குது" என்பேன். பிறகு ஹொல்ம்லியாவில் ரயில் ஏறி, நகரத்தில் மாறி, லில்லெஸ்ட்ரோமுக்குப் போவேன். அங்கே ஓர் ஆய்வு நிலையத்தில் அமர்ந்து, அத்திலாந்திக் கடலில் இருக்கும் ஒரு சிறு தீவின் நடுக்கத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. தீவின் பெயரை எழுதவில்லை. வேடிக்கை பார்க்க வருபவர்களால் அந்தச் சனங்கள் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறார்கள்.

தீவில் புதைத்த கருவிகள் நில அதிர்வையும், காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலிகளையும் செய்மதி வழியாக எங்களுக்கு அனுப்பும். திரையில் அவை கோடுகளாக ஓடும். மலை வெடிக்கத் தொடங்கியதும் ஊர்ச்சனங்களைப் பக்கத்துத் தீவின் பள்ளிக்கூட மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதன் வாசலில் நின்றால் தங்கள் கூரைகளுக்கு மேலே புகை எழுவது தெரியுமாம். அங்குள்ள பாதுகாப்பு அதிகாரி வீடியோக் கூட்டமொன்றில் இதைச் சொன்னார். பார்க்க முடிவது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சில நாட்களாகத் தடித்து ஓடிய கோடு ஒரு திங்கட்கிழமை மெலிந்துபோனது. எங்கள் குழுவின் தலைவி ஹில்டே திரையைப் பார்த்து, "ரூலி" என்றாள். நோர்வேஜிய மொழியில் அமைதி என்று அர்த்தம். இந்த நாட்டில் இதைவிட நல்ல சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கடல் ரூலி, குழந்தை ரூலி. வீடு விற்கும் விளம்பரத்தில்கூட அயல் ரூலி என்றுதான் முதலில் போடுவார்கள். ஆனால் அந்த வெறும் கோட்டைப் பார்த்தபோது எனக்கு வந்தது எங்கள் ஊர்ச் சொல்: சிலமன் இல்லை. ஆள் நடமாடும் சத்தமோ, எதுவும் நடக்கும் அறிகுறியோ இல்லாதபோது அப்படிச் சொல்வோம். அதை நாங்கள் நிம்மதியாகச் சொன்னதில்லை.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள வேலணைத் தீவில். ஷெல்லடி தொடங்கியதும் கடற்பாலத்தைத் தாண்டி நகரத்துக்கு வந்து, ஒரு தேவாலயத்தில் தங்கினோம். சில நாட்களில் சத்தம் நின்றது. "அங்கை ஒரு சிலமனும் இல்லை" என்று யாரோ வந்து சொன்னார்கள். கட்டையில் கட்டியபடி விட்டுவந்த மாடுகள் தண்ணீரில்லாமல் நிற்குமே என்று, சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கயிற்றை அவிழ்த்துவிட்டு உடனே வந்துவிடுவதாகத்தான் சொல்லிப் போனார். மத்தியானம் ஷெல் மறுபடியும் விழத் தொடங்கியது. சித்தப்பா வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. அந்தத் தீவுக்கு நாங்களும் திரும்பிப் போகவில்லை. சில வருடங்களில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்தார்.

மலை அடங்கியபின் வீடியோக் கூட்டத்தில் அதிகாரி கேட்டதும் இதைத்தான். சனங்கள் போய்த் தங்கள் ஆடுகளைக் கொண்டுவரலாமா? அவருக்குப் பக்கத்தில் மரியா என்ற பெண் அமர்ந்திருந்தாள். என் வயதிருக்கும். ஆட்டுப்பாலில் பாற்கட்டி செய்து விற்பவள். பட்டியில் அடைத்த ஆடுகள் அடைத்தபடியே கிடப்பதாக மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னாள். போகலாம் என்று ஹில்டே சொல்லப் போனாள். எனக்கு இது பிடிக்கவில்லை என்றேன். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டாள். கூட்டத்தைச் சற்று நிறுத்திவிட்டுக் கோப்பி அறைக்குப் போனோம்.

அங்கே சித்தப்பாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். எத்தனையோ வருடம் சேர்ந்து வேலை செய்தும் அதுவரை சொன்னதில்லை. ஹில்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மிகவும் கனிவாக, நீ ஏகன்மெல்டிங் எடுக்கலாமே என்றாள். வைத்தியரின் கடிதம் இல்லாமல் நாமே அறிவித்து எடுக்கும் சுகயீன விடுப்பு அது. ஓர் இழப்பைக் கேட்டதும் இந்த நாட்டின் நல்ல மனிதர்கள் நீட்டும் முதல் உதவி. எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குச் சுகயீனம் இல்லை என்றேன். "நான் பயப்படுறது மலைக்கோ, என்ரை சின்ன வயசுக்கோ எண்டு எனக்கே தெரியேல்லை. அதாலை நீ பார்" என்பதுதான் நான் நோர்வேஜிய மொழியில் சொன்னது. என் பேச்சை மறந்துவிட்டு, எல்லா அளவீடுகளையும் முதலிலிருந்து பார்க்கச் சொன்னேன்.

அவள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. மலையிலிருந்து வரும் வாயுவும் திடீரென்று குறைந்திருந்தது. கீழிருந்து வருவது நின்றிருக்கலாம். அல்லது மலையின் வாய் அடைபட்டு, உள்ளே அமுக்கம் ஏறிக்கொண்டிருக்கலாம். இரண்டில் எது என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசியில் ஒரு நடுவழி எடுத்தோம். பகலில் சிலர் மட்டும் போகலாம். படகு இயந்திரத்தை நிறுத்தாமல் கரையில் நிற்கவேண்டும். நான் கோட்டைப் பார்த்தபடி அதிகாரியுடன் தொலைபேசியில் இருப்பேன்.

அவர்கள் போன அன்று ஒஸ்லோவில் நல்ல வெயில். ஆடுகளின் சத்தம் தொலைபேசியில் கேட்டது. பாதி ஆடுகளைப் படகில் ஏற்றிவிட்டதாக அதிகாரி சொன்னார். அப்போதுதான் கோட்டில் மெல்லிய துடிப்பொன்று தொடங்கியது. காற்றாக இருக்கலாம், கரையில் மோதும் அலையாகவும் இருக்கலாம். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று மனம் சொன்னது. ஹில்டேயைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். எல்லாரையும் படகில் ஏற்றச் சொன்னேன்.

எல்லாரும் சரிவிலிருந்து கரைக்கு இறங்கி வந்தார்கள், மரியா வரவில்லை. மேல்பட்டியில் மிச்ச ஆடுகள் நிற்பதாகவும், அவற்றை விட்டுவிட்டு வரமாட்டாள் என்றும், அவளைத் தேடி அங்கே ஏறிப்போன அதிகாரி சொன்னார். தொலைபேசியை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் படகில் இருந்தார். எனக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் புரியும். உயிர் முக்கியம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. "கதவைத் திறந்துவிடு. பிறகு நட. அவை தாமாக வரும்" என்றேன். பட்டிக் கதவு இழுபடும் சத்தமும், பிறகு அவள் ஓடும் மூச்சும் கேட்டன.

படகு கரையை விட்டு விலகியபின் மலை வெடித்தது. பெரிய வெடிப்பு அல்ல. ஆனால் மேல்பட்டி இருந்த சரிவு முழுவதும் கல் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஹில்டே ஒரு கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் இருந்தாள். அன்று அன்ரனுக்கு நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "சித்தப்பாவுக்கு ஒருத்தரும் போன் எடுக்கேலாமப் போச்சு என்ன" என்றார். ஓம் என்றேன். அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று அன்றைக்குத்தான் சித்தப்பாவுக்காக அழுதேன்.

திறந்துவிட்ட ஆடுகளில் பல கரைக்கு வந்து நின்றன. சில வரவில்லை. மாதங்கள் போய் மலை உண்மையாகவே ஓய்ந்தபின் சனங்கள் வீடு திரும்பினார்கள். மரியா தன் வீட்டுப் படத்தை அனுப்பியிருந்தாள். சாம்பலைக் கூட்டிக் குவித்திருந்த முற்றமும், கதவில் புதிய நீல வர்ணமும் தெரிந்தன. உன் வீட்டைக் காட்டு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். என்னிடம் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று ஹொல்ம்லியாவில் எங்கள் மாடிவீட்டின் பல்கனி. மற்றது ஊருக்குப் போய்வந்த மச்சாள் எடுத்த எங்கள் வேலணை வீடு: கூரையில்லாத சுவர்கள், வாசலில் பற்றைகள். எதை அனுப்புவது என்று யோசித்துவிட்டு இரண்டையும் அனுப்பினேன்.

இரண்டு வீடுகளிலும் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். முதலாவதில் நாங்கள் என்று எழுதினேன். இரண்டாவதை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரின் மூலையில், அம்மா சமைத்த குசினி இருந்த இடத்தில், யாருடையவோ இரண்டு ஆடுகள் இலை கடித்துக்கொண்டு நின்றன. அதையே எழுதினேன். சந்தோஷம், வீடு வெறுமையாக இல்லை என்று பதில் வந்தது.