அண்ணி கட்டிக்கொண்ட காப்பு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், இன்சுலின் வைக்கும் டப்பாவுக்குள், காய்ந்து சுருங்கிய மஞ்சள் துண்டு ஒன்று கிடக்கிறது. அதைச் சுற்றிய நூல் இன்னும் அவிழவில்லை. பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். எனக்குக் கட்ட வேண்டிய காப்பு அது. அண்ணியின் மணிக்கட்டில் ஏறியது.

கல்லூரி முடித்த அந்தக் கோடையில் எனக்கு அடங்காத தாகம். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் கரும்புச் சாறு, வீட்டுக்கு வந்தால் கலர் சோடா என்று குடித்துத் தள்ளினேன். குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறியது, சட்டை தொளதொளத்தது. வெயிலில் அலைகிறான், இளைக்கிறான் என்றார்கள். ஒரு காலை வாந்தி நிற்காமல், மூச்சு இரைக்க விழுந்தேன். ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கம், கூடவே கீட்டோன் என்னும் அமிலம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். மருத்துவமனை வாசலில் நின்றபடியே அவர் திரௌபதி அம்மனிடம் வேண்டிக்கொண்டார்: பிள்ளை பிழைத்தால் இந்த ஆண்டே காப்புக் கட்டித் தீ மிதிப்பான்.

பிழைத்தேன், இன்சுலின் ஊசியோடு. இனி வாழ்நாள் முழுக்க இதுதானா? அந்தக் கேள்வி என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. டாக்டரம்மாவைத் துளைத்தெடுத்தேன். "இன்சுலின் சுரக்கிற செல் செத்துடுச்சா, சர்க்கரை தாங்காம மயங்கிக் கிடக்குதான்னு இப்பவே சொல்ல முடியாதுப்பா" என்றார். உடம்பே அந்த செல்களை எதிரியாக நினைத்துத் தாக்குகிறதா என்று பார்க்க ஒரு சோதனை. அப்படித் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இல்லையென்றால் நம்பிக்கை உண்டு. செல்கள் எவ்வளவு சுரக்கின்றன என்று அறிய இன்னொன்று. அதைச் சில வாரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். "அதுவரைக்கும் ஊசிதான் அதுங்களுக்கு ஓய்வு. நிறுத்தினா மறுபடி இங்கதான் வந்து படுப்பே."

முடிவு எதுவும் வருமுன்னே காப்புக் கட்டும் நாள் வந்துவிட்டது. எங்கள் தெருவில் காப்புக் கட்டியவர் முகம் மழிக்க மாட்டார், நகம் வெட்ட மாட்டார். திருவிழா முடியும்வரை உடம்பில் ஊசிமுனைகூடப் படக் கூடாது. "ஆத்தா பாத்துக்குவா. பத்து நாளு ஊசி இல்லன்னா இன்னா ஆயிடப்போவுது?" என்றார் நைனா. பிடிவாதம் இல்லை அது. வேண்டுதல் தவறினால் என்னை மறுபடி தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும் என்ற பயம். எனக்கோ ஊசி நின்றுபோனால் என்ற பயம். இரண்டு பயத்தோடும் கோயிலில் பூசாரி முன் போய் நின்றோம்.

அதுவரை நைனா எதிரில் குரல் உயர்த்தாத அண்ணி, பூசாரியின் தட்டுக்கு முன்னால் கையை நீட்டினார். "அவனுக்கு வேணாம் சாமி, எனக்குக் கட்டுங்க. வேண்டுதல் வூட்டுக்குதானே? யார் காலு மிதிச்சா இன்னா?"

தாளிக்கும்போது கடுகு வெடித்தாலே ஒதுங்குகிறவர் அண்ணி. அண்ணனுக்குத் திகைப்பு. "இன்னாமே இது? கற்பூரம் ஏத்தவே என்னத்தான கூப்புடுவ!"

"நெருப்பு ஒரு நாளுதான். இவன் ஊசிய வுட்டா அதோட போச்சி. நீ சும்மா இரு."

பூசாரி நைனாவைப் பார்த்தார். நைனா என்னைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

தீமிதி நாள் காலைவரை, காப்புக் கட்டிய அந்தக் கைதான் எனக்கு ஊசி போட்டது. அன்று மாலை, மஞ்சள் புடவையில், கண்களை அகலத் திறந்தபடி அண்ணி கனல்மேல் ஓடி, முடிவில் பால் ஊற்றி வைத்திருந்த குழியில் இறங்கினார். தாங்கிப் பிடித்தேன். "சுட்டுச்சா அண்ணி?"

"சுடாம? நெருப்புடா அது! சாயங்கால ஊசி போட்டியா?"

பிறகுதான் முடிவுகள் வந்தன. எதிர்ப்பொருள் இல்லை. சில வாரம் கழித்து வந்த இரண்டாவது முடிவில், மயங்கிக் கிடந்த செல்கள் எழுந்திருந்தன. டாக்டரம்மா ஊசியின் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இப்போது மாத்திரைதான். ஊசி மறுபடியும் தேவைப்படலாம் என்று அவர் எச்சரித்திருப்பதால் டப்பாவில் இன்சுலின் எப்போதும் இருக்கும். காலாவதியானால் மாற்றுவோம். திருவிழா முடிந்து அண்ணி கழற்றிய காப்பை நான்தான் அதில் போட்டு வைத்தேன்; அந்த மஞ்சளை மட்டும் மாற்றுவதில்லை.

இன்று காலையும் அண்ணி அலுத்துக்கொண்டார். "இதைத் தூக்கிப் போட்டா இன்னா? மருந்து டப்பாவுல குப்பை மாதிரி கீது."

"அதுவும் மருந்துதான் அண்ணி."

"ஆமா, பெரிய டாக்டரு. விரல நீட்டு, சுகர் பாக்கணும்."

அன்று அவர் நீட்டியதுபோலத் தயங்காமல் நீட்டினேன் என்று எழுத ஆசைதான். ஊசிமுனையைக் கண்டால் இன்றும் முகம் சுருங்குகிறது. ஆனாலும் நீட்டினேன்.