கேட்டியாவும் மூன்று எழுத்தும்

எங்கள் பிரிவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கேட்டியா என்றுதான் கூப்பிடுவோம். யார் எதை எழுதி முடித்து அவள் பார்வைக்கு அனுப்பினாலும், நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. நாற்காலியை நம் பக்கம் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கேட்டியா?" என்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து நாற்காலி வேறு. தப்பிக்க வழியில்லை.

எதைக் கேட்கச் சொல்கிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவு. நான்காவது மாடியில், துணி வெளுக்கும் இயந்திரங்களுக்கு நேர் மேலே, எந்நேரமும் புழுங்கும் ஓர் அறை. வார்டு, மருந்தகம், ஆய்வகம், பில்லிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி. முன்பெல்லாம் உள்ளே நுழைந்த எவரும் எந்த நோயாளியின் விவரத்தையும் பார்க்கலாம். அதற்குக் கடிவாளம் போடத்தான் ஒரு லைப்ரரியை வாங்கினார்கள். புத்தகம் அடுக்கும் இடம் இல்லை இது. வேறு யாரோ எழுதித் தயாராக வைத்த நிரல், நம் செயலிக்குள் சேர்த்துக்கொள்வோம். ஒரு பக்கத்தைத் திறக்கும் முன் செயலி அதனிடம் கேட்கவேண்டும்: இந்த ஆள் இந்த நோயாளியின் விவரத்தைப் பார்க்கலாமா? அது அனுமதி சர்வரிடம் விசாரித்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். வாசல் காவலாளி உள்ளே போன் போட்டு விசாரிப்பானே, அது மாதிரி. ஆனால் நாம் கேட்டால்தான் இது வாயைத் திறக்கும். கேட்க மறந்த இடத்தில் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

அதனால்தான் அந்தக் கேள்வி. ஒவ்வொரு செயலியாக, ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து அந்த லைப்ரரியிடம் கேட்கவைத்தவள் அவள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போவாள். அவளைச் சீண்டுவதற்காக எங்கள் அறைக் கதவில் 'கேட்டுவிட்டு உள்ளே வரவும்' என்று எழுதி ஒட்டினேன். அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், டேப் சரியாக ஒட்டவில்லை என்று எடுத்து மறுபடி ஒட்டினாள். இவளைக் கிண்டல் செய்து ஜெயிக்க முடியாது.

இத்தனை பிடிவாதத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அவள் அக்கா. அக்காவின் கணவர் இதே மருத்துவமனையில் இரண்டாவது மாடியில் பில்லிங் மேலாளர். தங்கமான மனுஷன் என்று கட்டடமே சொல்லும். லிப்டில் எல்லாருக்கும் வழிவிடுவார், துப்புரவு வேலை பார்ப்பவர்களைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். அந்தத் தங்கமான மனுஷன் அறைந்ததில் அக்காவுக்கு இடது காது கேட்காமல் போனது. வீட்டில் எந்த அறைக்குள்ளும் தட்டாமல் நுழைவாராம், குளியலறை உட்பட. அக்கா ஒரு நாள் ஒரே ஒரு பையோடு வெளியேறி வேறு பகுதியில் வீடு எடுத்துக்கொண்டாள். எங்கே என்று தங்கைக்கு மட்டும் தெரியும். எனக்குக்கூட அவள் சொன்னதில்லை. போகிறவளை எங்கிருந்தாலும் கண்டுபிடிப்பேன், கண்டுபிடித்தால் இன்னொரு காதும் இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார். இதைச் சொன்னபோது கேட்டியாவின் குரல் நடுங்கவில்லை.

காது போனதோடு அக்காவுக்குத் தலைச்சுற்றலும் வந்துவிட்டது. மருந்து மாதாமாதம் எங்கள் மருந்தகத்திலிருந்து வீட்டுக்குப் போகவேண்டும். அதற்கு விலாசம் வேண்டும். அக்கா தயங்கினாள். போன் பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"குடுக்கலாமாடி?"

"குடுக்கா. நான் இருக்கேன்ல."

அன்றே உட்கார்ந்து விதியை எழுதினாள். பில்லிங்காரர்களுக்குத் தொகை மட்டும் தெரியும். விலாசப் பக்கம் திறக்காது.

கொஞ்ச நாளில் புகார் வந்தது. ஒரு பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது, பில் அனுப்பவேண்டும், அவசரம் என்று பில்லிங் மேலாளர் என்னிடம் போனில் சொன்னார். எந்த நோயாளி என்று பார்த்தால், அக்கா. விதி அப்படித்தான் சார் என்றேன். மறுபடி கூப்பிட்டார். அதே பதில். ஒவ்வொரு முறையும் குரலில் இன்னும் கொஞ்சம் தேன் கூடியது. கேட்டியாவிடம் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்தாள். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பிறகு அவர் கூப்பிடுவது நின்றது. ஓய்ந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு காலை எங்கள் கதவு தட்டாமல் திறந்தது. நேராக அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"என்னம்மா, நல்லா இருக்கியா? அந்தப் பக்கத்துக்காக உங்களையெல்லாம் ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டேன். இனிமே வேண்டாம். என் வேலை முடிஞ்சிடுச்சு."

மேஜை ஓரத்தில் கோணலாகக் கிடந்த அவளுடைய பேனாவை நேராக எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

சனியன் தொலைந்தது என்றேன் நான். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். எப்படி முடியும், எப்படி முடியும் என்று முணுமுணுத்துக்கொண்டே, பில்லிங்காரர்களுக்கு உள்ள அதே உரிமையோடு சோதனைக்கென்று வைத்திருந்த கணக்கில் நுழைந்தாள். அக்காவுக்குப் போன் பண்ணு என்றேன். இப்போதுதான் ராத்திரி தூங்கவே ஆரம்பித்திருக்கிறாள், ஒன்றுமில்லாததற்குப் பயமுறுத்த மாட்டேன், முதலில் என்னவென்று பார்க்கிறேன் என்றாள். பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் அனுமதி இல்லை என்றே சொல்லின. சாப்பாட்டு நேரமும் தாண்டிப் போனது. "எல்லாத்துலயும் கேட்டிருக்கேனே" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், ஏதோ நான்தான் அதை மறுத்தவள் மாதிரி.

கடைசியில் விலாசப் பக்கத்தையே இன்னொரு முறை பார்ப்போம் என்று, அதுவரை நோயாளி எண்ணை வைத்தே திறந்தவள், தேடும் இடத்தில் அக்காவின் பெயரை அடிக்கத் தொடங்கினாள். மூன்றாவது எழுத்தில் கீழே ஒரு சின்னப் பெட்டி விரிந்தது. அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் கதவு எண், தெரு. இரண்டாவது வரியில் அக்கா.

எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் இருந்தது. ஒரே பெயரில் பலர் வருகிறார்கள், ஆள் மாறிப்போகிறது என்று வரவேற்பில் இருக்கும் பெண்கள் கெஞ்சியதால், லைப்ரரி வருவதற்கு வெகு முன்பே அவள் செய்துகொடுத்தது. பெயரைத் தொட்டுப் பக்கத்துக்குள் போனால்தான் கேள்வி எழும். பெட்டி ஒரு பக்கம் இல்லை. பக்கங்களைத்தானே அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். அவர் எதையும் திறக்கவே இல்லை. மூன்று எழுத்து அடித்துவிட்டுக் கண்ணால் படித்துக்கொண்டார்.

அவசரமாக அக்காவுக்குப் போன் போட்டதில் ஸ்பீக்கர் தட்டுப்பட்டுவிட்டது.

"அக்கா, எங்க இருக்க?"

"வீட்லதான்." குரல் மிகவும் தணிந்து வந்தது. "ஏன்டி என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"எதை?"

"அவர் வந்திருக்கார். நான் உடனே திறக்கலடி. விலாசம் யார் குடுத்தான்னு கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். நீதான் குடுத்ததா சொன்னார். உன் பேரைச் சொன்னதாலதான் திறந்தேன்."

பின்னால் ஏதோ நாற்காலி இழுபடும் சத்தம். "போனை வெச்சிடும்மா" என்று அவர் சொல்வது கேட்டது. அதே தேன் குரல். இணைப்பு போய்விட்டது.

கேட்டியா படிக்கட்டில் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. செருப்பு மேஜைக்கடியிலேயே கிடந்தது. அவள் பூட்டாமல் விட்டுப்போன திரையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. எடுத்தவர் பொறுமையானவர், முதலில் வீடு எங்கே என்று சொல்லுங்கள் என்றார். எனக்கு எப்படித் தெரியும், யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே இத்தனையும்.

அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டாவது வரியிலிருந்து கதவு எண்ணையும் தெருவையும் அவருக்குப் படித்துச் சொன்னேன்.