ஆயுத பூஜையன்று தானாகக் கிளம்பிய கார்

எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் ஸ்டியரிங்தான்.

மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டில் வெகுகாலமாக டிரைவராக இருக்கிறேன். அவர்களுடைய கார் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தது. படகு போல நீளம், உள்ளே தோல் சீட்டு. ஐயாவுக்கு அதன்மேல் உயிர். தெருவில் நின்ற கார்களில் கண்ணாடியும் சக்கர மூடியும் திருடுபோக ஆரம்பித்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. லீவில் வந்த அமெரிக்கா மகன், கார் பலமாக ஆடினால் ஹாரன் அலறும்படியான ஒரு கருவியைக் கொண்டுவந்தார். அங்கே சிலர் வீட்டுக்குள் இருந்தே வண்டியைக் கிளப்புகிறார்கள் என்றும் சொன்னார். ஐயாவுக்கு அதுவும் வேண்டியிருந்தது.

தி.நகரிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். கருவியை பானெட்டுக்குள் மாட்டினார். ஸ்டார்ட்டரிலிருந்து ஒயர் இழுத்து, ஜன்னல் வழியாகக் கூடத்துச் சுவரில் ஒரு காலிங்பெல் பட்டனோடு சேர்த்தார். காரில் சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பட்டனை அழுத்தினால் இன்ஜின் கிளம்பிவிடும்.

"கியர்ல மட்டும் வுட்டுடாத நைனா. பட்டனை அமுக்கினா வண்டி பாஞ்சிடும். அதுக்கு இன்னா தெரியும், முன்னால ஆளு கீதா இல்லியான்னு?" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஷெட் கேட்டை நோக்கிச் சரிவு. அந்தக் காருக்குக் கைபிரேக் பிடிக்காது. அதனால் எப்போதும் கியரில் போட்டுத்தான் நிறுத்துவேன். பட்டன் வந்தபிறகு கியரை எடுத்துவிட்டு, சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டேன். எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமே என்று செங்கல்லை எடுத்தேன். வண்டி மெல்ல நகர்ந்தது.

"உருண்டுடப் போறதுப்பா! கியரைப் போடு!" என்றார் ஐயா. போட்டேன். நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனேன். கற்பூரம் காட்டி முடிந்ததும் நான் ஏறி ஓட்டிப் பழத்தை நசுக்குவதுதான் வருஷா வருஷம் வழக்கம்.

திரும்பி வந்தபோது டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. சாவி திருப்பியிருந்தது. ஐயாவைக் காணோம். மூடிய கேட்டுக்கும் காருக்கும் நடுவே ஐயாவின் சம்சாரம் மாமி கற்பூரத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். கூடத்து ஜன்னலிலிருந்து ஐயாவின் குரல் வந்தது.

"நல்ல நேரம் போயிண்டிருக்கு, அழுத்திடறேன்!"

வண்டி இன்னும் கியரில்தான் இருந்தது. அந்த வீட்டில் மாமியிடம் நான் "சரிங்கம்மா"வுக்கு மேல் பேசியதில்லை. அதையும் தரையைப் பார்த்துத்தான் சொல்வேன். அன்று என் வாயிலிருந்து வந்தது, பஸ் ஸ்டாண்டில்கூட நான் சொல்லக் கூசுகிற பேச்சு.

"நவுரும்மே!"

மாமி வெடுக்கென்று திரும்பினார். முகம் சிவந்துவிட்டது. "யாரைப் பாத்து மேங்கறே?" என்று தட்டோடு என் பக்கம் விறுவிறுவென்று வந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் கார் பாய்ந்தது. பழங்கள் நசுங்கின. கேட் வளைந்தது. ஹாரன் தெருவே கூடும்படி அலற ஆரம்பித்தது. தட்டு கீழே விழுந்து உருண்டது. மாமி தான் நின்றிருந்த இடத்தையே பார்த்தபடி இருந்தார். அங்கே இப்போது காரின் மூக்கு இருந்தது.

நான் பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்றதும் ஜன்னலில் ஐயா தெரிந்தார். என்ன நடந்தது என்பதே அவருக்கு உறைக்கவில்லை. காதில் விழுந்தது மட்டும்தான் மனதில் நின்றிருக்கிறது.

"மாமியை என்னடா சொன்னே?"

மாமிதான் பேசினார்.

"'மாமி, செத்த நகருங்கோ'ன்னு அவன் மரியாதையா சொல்லிண்டிருந்தா, நான் இப்போ இருப்பேனா? மொதல்ல நீங்க அந்தப் பட்டன்லேர்ந்து கையை எடுங்கோ!"

அப்போதுதான் ஐயா கீழே பார்த்தார். விரல் இன்னும் பட்டன் மேலேயே இருந்தது. அப்படியே ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே பட்டனைக் கழற்றிவிட்டோம். ஹாரனை வைத்துக்கொண்டோம். இப்போதும் ஸ்டார்ட்டர் சத்தம் கேட்டால் என் கண் முதலில் வண்டிக்கு முன்னால்தான் போகும்.

அதிலிருந்து மாமி ஆயுத பூஜைக்குக் காரின் பக்கவாட்டில் நின்றுதான் கற்பூரம் காட்டுகிறார். இந்த வருஷமும் காட்டி முடித்து, படியேறி நின்றுகொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நவுந்துட்டேம்ப்பா. நீ எடு."

15-10-1978, ஞாயிற்றுக்கிழமை.