ஒரு கொதிக்குப் பிறகு

இந்த வாரம் என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். அச்சுக் கோக்கும் தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும். வலது தோளைத் தூக்க முடியவில்லை. வயதாகிவிட்டதா? அதுவும்தான். ஆனால் இந்த வலிக்குக் காரணம், இதே பக்கத்தில் நான் எழுதிய ஒரே ஒரு வரி.

சில வாரங்களுக்கு முன் நெல்லி சிரப் பற்றி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கலாம். இரத்தோட்டை மலைப்பக்கம் காட்டு நெல்லி காய்த்துக் குலுங்குகிறது, விழுந்து வீணாகிறது, வீட்டிலேயே சிரப் காய்ச்சலாமே என்று. செய்முறையும் கொடுத்தேன். நெல்லியை அவித்து, கொட்டை நீக்கி, சாற்றைத் துணியில் வடித்து, சீனி போட்டு... "ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஆறியபின் போத்தலில் ஊற்றுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்" என்று முடித்திருந்தேன். நாலு பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

போன சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை, வாத்தியாரான நானும் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கலாம் என்றிருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். பெயர் ஹலீமா, அலுவிகாரையிலிருந்து வருகிறாராம். துணிப்பையிலிருந்து ஒரு போத்தலையும், கத்தரித்து மடித்து வைத்திருந்த என் பத்தியையும் எடுத்தார்.

போத்தலின் தக்கையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன். கட்டாவிட்டால் பறக்கிறதாம். இன்னொரு போத்தலின் தக்கை அடுப்படிக் கூரையில் போய் அடித்ததாம்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். இன்னும் பத்து நாளில் நோன்பு. சீனித் தட்டுப்பாடுதான் உங்களுக்குத் தெரியுமே. எட்டுப் பேர் உள்ள வீடு. மூன்று மாதமாக எல்லோரும் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்து, கூப்பன் சீனியைத் தொடாமல் சேர்த்திருக்கிறார்கள். நோன்பு திறக்கும்போது ஆளுக்கு ஒரு கிளாஸ் நெல்லித் தண்ணீர் கொடுக்கலாம் என்ற ஆசை. அவ்வளவு சீனியையும் என் வரியை நம்பி அடுப்பில் ஏற்றிவிட்டார். நாலாம் நாள் நுரைத்துவிட்டது. மாமனார் மோந்து பார்த்துவிட்டு, இது சாராயமாகிவிட்டது, வீட்டில் வைக்காதே என்கிறார். இவருக்கோ கொட்ட மனம் வரவில்லை.

"எழுதினது நீங்கதானே, சேர். இத நோன்புக்குக் குடிக்கலாமா, கொட்டணுமா? நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன்."

என்ன சொல்வது? எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை — எழுதுகிறவனாயிற்றே! போத்தலைச் சரியாகக் கழுவவில்லையோ, ஈரம் பட்டிருக்குமோ என்று பழியை மெல்ல அவர் பக்கமே தள்ளினேன்.

"இருக்கும் சேர்," என்று தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் எங்கயோ பிழ விட்டிருப்பேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினேன்.

உள்ளேயிருந்து என் மனைவி சரசு வந்தாள். போத்தலை வாங்கி மோந்தாள். பத்தியை வாங்கி வாசித்தாள். அவள் என் பத்தியை வாசித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"ஒங்க மேல ஒரு பிழையும் இல்லக்கா. இவரு மொதக் கொதியிலயே எந்திரிச்சு பேப்பர் பாக்கப் போயிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் நான் நின்னு கிண்டினேன். அத இவரு பாக்கல. தண்ணி வத்தாம இது புளிச்சுப்போச்சு, கொட்டத்தான் வேணும்."

உண்மை. 'நான் அப்படித்தான் செய்தேன்' என்று எழுதியவன் செய்ததெல்லாம், அடுப்படி வாசலில் கொஞ்ச நேரம் நின்றதும், மறுநாள் ஒரு கிளாஸ் குடித்ததும்தான். இந்த ஊரில் எத்தனை பேர் இப்படிப் பாதி பார்த்து முழுதாகப் பேசுகிறோம்?

ஹலீமாவே போத்தலைப் பின்பக்கக் கழிவுநீர்க் கானில் ஊற்றினார். மூன்று மாதச் சீனி. வீட்டில் இருக்கும் மற்றப் போத்தல்களுக்கும் இதே கதிதான்.

சரசு உள்ளே போய் டின்னைத் திறந்தாள். தீபாவளிக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த சீனி அது. அப்படியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்வைக்கு அர்த்தம்: நெல்லிக்குப் போங்கள்.

போனேன். இரத்தோட்டைக்குப் போகும்போது பஸ்ஸில் நின்றேன், வரும்போது சாக்கோடு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை ஹலீமாவும் வந்தார். அவர்கள் இருவரும் கொட்டை நீக்கினார்கள். கரண்டி என் கையில். விறகு ஈரம், கண் முழுக்கப் புகை. ஒருவழியாகக் கொதி வந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

"இப்பத்தான் ஆரம்பம்," என்றாள் சரசு.

அந்த ஆரம்பம் முடிய மத்தியானம் திரும்பிவிட்டது. இடையிடையே ஒரு சொட்டைத் தட்டில் விட்டுச் சரித்துப் பார்ப்பாள். இன்னும் கொஞ்சம் என்பாள். எதைப் பார்க்கிறாய் என்று கேட்டேன், வாசகர்களுக்குச் சொல்லவேண்டுமே. பார்த்தால் தெரியும் என்றாள். நானும் பார்த்தேன். தெரியவில்லை.

மூன்று போத்தல் வந்தது. புறப்படும்போது ஹலீமா சரசுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான். "கை நோகுதா, சேர்?"

நோகிறது.

சரியான செய்முறை வேண்டுமென்று இனிமேல் கடிதம் போடாதீர்கள். நேரில் வாருங்கள். ஆனால் முன்வாசலுக்கு வரவேண்டாம், அங்கே நான்தான் இருப்பேன் — பின்பக்கமாக வாருங்கள்.