ஐம்பத்தோராவது கிணறு

ஐம்பது பேருக்கு இலை போட்டுவிட்டு, ஐம்பத்தோராவது ஆள் வந்து நின்றதும் விழித்தவர்களுக்கு என் தொழில் சட்டென்று புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில் கணிப்பொறிக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். எத்தனை எண்கள் வரும் என்று முதலிலேயே இடம் ஒதுக்கிவிட வேண்டும். குறைத்து ஒதுக்கினால் எங்கள் எந்திரம் ஆட்சேபிக்காது. வந்த எண்ணைப் பக்கத்து இலையில் உட்கார வைத்துவிடும். இதில் மாட்டியவர்கள் என்னோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொள்ளலாம்.

ஜூலை மாதம்

தினசரி உற்பத்திக்கு முப்பது நாள் இடம் ஒதுக்கி ஒரு புரோகிராம் எழுதினேன். ஜூன் மாதம் அழகாக வந்தது. ஜூலையில் மொத்த உற்பத்தி சைபருக்குக் கீழே போய்விட்டது. அதாவது வெட்டிய நிலக்கரியைத் திரும்பப் புதைத்திருக்கிறோம்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். என் புரோகிராமைக் கணிப்பொறி படிப்பதற்காகக் கார்டில் துளைத்துக் கொடுக்கும் சரோஜா, மேஜைக் காலண்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"முப்பத்தொண்ணாம் தேதியும் நாங்க வேலைக்கு வந்தோம் சார்."

ஆறாம் நம்பர் எந்திரம்

மண் வெட்டும் எந்திரங்கள் பத்து, ஷிஃப்ட் மூன்று. ஓரிடத்தில் பத்துக்கு மூன்று என்று எழுதியதை இன்னோரிடத்தில் மூன்றுக்குப் பத்து என்று எழுதிவிட்டேன். எப்படியும் முப்பதுதானே என்று கணிப்பொறி வாங்கிக்கொண்டு, எண்களை இஷ்டத்துக்குப் பங்கு போட்டது. மாதம் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் நின்ற ஆறாம் நம்பர் எந்திரம், அதிகம் வெட்டிய எந்திரங்களின் பட்டியலில் முதலிடத்தில் வந்தது. பட்டியல் எல்லா ஆபீஸுக்கும் போன பிறகுதான் எனக்கே தெரியும்.

ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் பட்டியலோடு வந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ரிப்பேர்ல நிக்கும்போதே இவ்ளோ வெட்டுதுன்னா, நான் எதுக்கு சார் அதைச் சரி பண்ணணும்?"

நிறுத்தாத பம்ப்

சுரங்கத்தின் அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. சுற்றிலும் உள்ள கிணறுகளில் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத் தரை தூக்கிக்கொள்ளாமல் இருக்கும். எந்தப் பம்புக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று சொல்ல ஒரு புரோகிராம் எழுதினேன். ஒன்றாம் கிணற்றை நிறுத்தலாம் என்றது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அங்கே ஆபரேட்டர் கலியபெருமாள், காடாம்புலியூர்க்காரர். பன்னிரண்டு வருஷமாக கான்ட்ராக்ட். அந்த மாதம்தான் பர்மனெண்ட் லிஸ்டில் பெயர் வந்திருந்தது. அவர் பம்பை நிறுத்த மறுத்தார். மெமோ கொடுத்தார்கள். மூன்று நாளில் நிறுத்தாவிட்டால் லிஸ்டில் பெயர் இருக்காது என்றார்கள். கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று புரியவைக்க நானே ஜீப்பில் போனேன். அவ்வளவு திமிர் அப்போது.

அவர் அளவு நாடாவைக் கிணற்றில் இறக்கி, என் கண்முன்னே இழுத்துக் காட்டினார்.

"போன வாரத்துக்கு ஒரு சாண் ஏறிக்கினு இருக்குதுங்க சார். இத நிறுத்திட்டன்னா கீழ வேல செய்யறவங்க என்னா ஆவறது?"

பதினேழு ஏ

எத்தனை கிணறு அளக்கிறீர்கள் என்று கேட்டேன். ஐம்பத்தொன்று என்றார். கடைசிக் கிணற்றின் நம்பரே ஐம்பதுதானே என்றேன். பதினேழாம் கிணற்றில் பம்ப் பழுதானபோது பக்கத்திலேயே புதிதாகத் தோண்டி, பதினேழு ஏ என்று பெயர் வைத்தார்களாம். அந்த அளவையும் வாராவாரம் அவர்தான் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் நம்பரைப் பார்த்து ஐம்பது இடம் ஒதுக்கியிருந்தேன். கார்டுக் கட்டின் கடைசியில் வந்த பதினேழு ஏயின் நீர்மட்டம், ஒன்றாம் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறலாம் என்ற வரம்பின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. அது மேட்டுப் பக்கத்துக் கிணறு. தண்ணீர் எப்போதும் உயரத்தில் நிற்கும். அதையே வரம்பாக எடுத்துக்கொண்டு, ஒன்றாம் கிணற்றில் தண்ணீர் ஏற இன்னும் நிறைய இடமிருக்கிறது என்று கணிப்பொறி முடிவு செய்துவிட்டது.

வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அன்றே தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மெமோ ரத்தானது, எனக்கு ஒன்று வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. மாதக் கடைசியில் கலியபெருமாள் பர்மனெண்ட் ஆர்டரோடு, ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஆபீஸுக்கு வந்தார். பழத்தை என் மேஜையில் இறக்கிவிட்டுச் சொன்னார்:

"அடுத்த வாரம் இருவத்திரெண்டு ஏ தோண்டறாங்க சார். எடம் போட்டு வெச்சிக்குங்க."

அன்றிலிருந்து எந்த புரோகிராமிலும் நான் எண்ணியதற்கு இரண்டு மடங்கு இடம் ஒதுக்குகிறேன், ஒதுக்கிவிட்டு ஜீப் ஏறிப் போய் ஒரு தடவை கேட்டுவிட்டும் வருகிறேன்.