பீரோவில் இறங்கிய ஹோமர்

புறா வளர்ப்பவர்கள் சாந்தமானவர்கள் என்று யாராவது சொன்னால் அவரைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவையுங்கள். என் மொட்டைமாடியில் ஏற்றிக் காட்டுகிறேன். நடுவில் ஒரு கைப்பிடிச் சுவர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் பெரியப்பா மகன். எங்கள் இரண்டு பேர் வாயிலிருந்தும் வருவதைக் கேட்டால் கழுகு கூடப் பயந்து கல்வராயன் மலைக்கே திரும்பிவிடும்.

அண்ணன் வளர்ப்பது ஹோமர், பந்தயப் புறா. கூடையில் வைத்து பைக்கில் கட்டிக்கொண்டுபோய் உளுந்தூர்பேட்டை பைபாஸில் திறந்துவிடுவார். அவர் அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அது வீடு வந்து சேர்ந்து குளித்துக்கொண்டிருக்கும். நான் வளர்ப்பது கர்ணப்புறா. அது எங்கேயும் போகாது. மேலே ஏறும், வானத்தில் பின்பக்கமாக நாலு கரணம் அடிக்கும், இறங்கித் தீனி கேட்கும். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் என்னைப் பற்றியும் அதையேதான் கேட்கிறார்கள்.

அவருடைய கூண்டு மரச்சட்டமும் கம்பி வலையுமாக, ஜோடிக்கு ஒரு அறை வைத்துக் கட்டியது. வாசலில் உள்பக்கம் மட்டும் ஆடும் கம்பிகள் தொங்கும். புறா தலையால் முட்டிக்கொண்டு உள்ளே வரலாம். திரும்பிப் போக முடியாது. வெயிலுக்குத் தார்ப்பாய்த் திரை வேறு. என்னுடையது கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ. பூட்டு கெட்டதும் மாடிக்கு ஏற்றி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, மேலே கீற்று வேய்ந்து, தட்டுகளில் மண்சட்டி வைத்தேன். கதவில் கண்ணாடி இன்னும் இருக்கிறது. என் ஆண் புறாக்கள் பாதி நாள் அதன் முன்னால் நின்று தங்களோடு தாங்களே சண்டை போடும். வளர்க்கிறவன் புத்தி.

பகை ஆரம்பித்தது என் செம்புள்ளிப் புறாவால். அடித்த கரணத்தில் திசை தெரியாமல் அண்ணன் கூண்டில் இறங்கிவிட்டது. சாயங்காலம் கேட்கப் போனேன்.

"என் கூட்டுல எறங்குனா என் புறா. தெரியாதாடா உனக்கு?"

"சரிண்ணா, ஒரு வாட்டி கண்ணுலயாவது காட்டு."

"இன்னாத்த காட்றது? மத்தியானமே கொழம்பு வச்சாச்சு. சட்டியில கூட ரெண்டு கர்ணம் அடிச்சுதுடா, சும்மா சொல்லக் கூடாது."

நல்ல ஜோக். நான் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பேன்.

ஐப்பசி மழையில் என் முறை வந்தது. அண்ணன் சின்னசேலத்தில் பறக்கவிட்ட நீலக்கோட்டு ஆண், அவரிடம் இருந்ததிலேயே முதல் தரம், சொட்டச் சொட்ட நனைந்து வந்து பத்தடி தள்ளியிருந்த சொந்தக் கூண்டு கண்ணுக்குத் தெரியாமல் என் பீரோவில் ஒண்டியது. நான் கதவைச் சாத்திய சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"டேய், மருவாதியா கேக்குறேன். எடுத்துக் குடு."

"என் பீரோல எறங்குனா என் புறாண்ணா."

"அது பந்தயத்துக்குப் போற புறாடா!"

"கொழம்பு வக்க மாட்டேன், கவலப்படாத. மாப்ளையா வச்சிக்கிறேன்."

சொன்னபடியே செய்தேன். இறக்கையில் டேப் சுற்றி, என் வெள்ளைப் பொட்டையோடு ஜோடி சேர்த்தேன். தையில் இரண்டு முட்டை, இரண்டு குஞ்சு. அந்த மூன்று மாதமும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் எச்சில் துப்பும் சத்தம் மட்டும்தான் வரும். அதை நான் வாழ்த்தாக எடுத்துக்கொண்டேன்.

ஹோமர் பிறந்த கூட்டை மறக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் குஞ்சுக்கு இரை ஊட்டுகிற நாளில் திறந்துவிட்டால் பிள்ளைப் பாசத்துக்குத் திரும்பி வந்துவிடும் என்று ஒரு பேச்சும் உண்டு. அதை நம்பினேன். நம்பினேன் என்ன, அப்படி நடப்பதை அண்ணன் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் புறா அவர் தலைக்கு மேலேயே வட்டமடித்துவிட்டு என் பீரோவில் இறங்க வேண்டும். குஞ்சுகளுக்குப் பத்து நாள் ஆன அன்று காலை, அவர் மாடிக்கு வரும்வரை காத்திருந்து, டேப்பைப் பிரித்து ஜோடியாகவே விட்டேன்.

வட்டமெல்லாம் இல்லை. நேராகச் சுவரைத் தாண்டி, கம்பியை முட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஒன்றும் புரியாத என் பொட்டையும் புருஷன் பின்னாலேயே நுழைந்தது. கம்பிகள் ஆடி நின்றன.

அண்ணன் தண்ணீர் வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். "வாம்மா மருமவளே," என்றார், பொட்டையைப் பார்த்து.

பீரோவில் இரண்டு குஞ்சுகளும் கத்த ஆரம்பித்தன. மஞ்சள் பூனைமயிரும் பெரிய அலகுமாக, அழகென்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஊறவைத்த கம்பை விரலால் ஊட்டிப் பார்த்தேன், துப்பின. தாயின் வாய்க்குள் அலகை விட்டுத்தானே தின்னும் என்று, நானே கம்பை மென்று உதட்டை நீட்டினேன். பெரியது என் மீசையைப் பிடுங்கியது.

"பாக்கச் சகிக்கல," என்றாள் என் மனைவி. "போய் அவர்கிட்ட கேளுங்க."

"அவன்கிட்டயா? செத்தாலும் மாட்டேன்."

"சாவப் போறது நீங்க இல்லியே."

மறுநாள் காலையில் சின்னதின் இரைப்பை ஒட்டிக் கிடந்தது. தலை நிற்கவில்லை. குஞ்சு இரண்டையும் சட்டியோடு தூக்கிக்கொண்டு சுவரண்டை போனேன். அண்ணன் எனக்காகவே நின்றதுபோல நின்றுகொண்டிருந்தார்.

"பொட்டைய மட்டும் குடுத்துடுண்ணா. குஞ்சு சாவுது."

"என் கூட்டுல எறங்குனா யாருது?"

நான் சட்டிக்குள் குனிந்து பார்த்தேன்.

"சொல்றா. மூணு மாசம் வாய் கிழியப் பேசிக்கினு இருந்தியே."

"உன்துதான்."

"தெருவுக்குக் கேக்கல."

கத்திச் சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

"பொட்ட வராது," என்றார். "சட்டிய இப்படிக் குடு."

புறாவைக் கேட்கப் போய்க் குஞ்சுகளையும் கொடுத்தவன் எங்கள் வம்சத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தார்ப்பாயை இழுத்து விட்டுக்கொண்டார். பொட்டை குமுறும் சத்தம் கேட்டது. கத்தல் ஒன்று அடங்கியது. இன்னொன்று நூலிழையாக நீண்டுகொண்டே இருந்தது.

"சின்னதுக்கு எர வச்சிச்சாண்ணா?"

"இன்னும் இல்ல. உன் சத்தத்துல பொட்ட மெரளுது. வாய மூடிக்கினு நில்லு."

நின்றேன். நாற்பத்தாறு வயதுவரை யார் சொல்லியும் மூடாத வாய் அது. வெயில் முதுகில் ஏறியது. அந்த நூலிழைச் சத்தம் விட்டுவிட்டு வந்தது, அப்புறம் நின்றது. எதனால் நின்றது என்று கேட்க வாய் வரவில்லை.

"வச்சிச்சு," என்றது தார்ப்பாய். "போடா கீழ."